ஆகாய முயலும் பானைப் பாம்பும்

சூரபத்மன் முதலிய அசுரர்களோடு முருகப் பெருமான் மூன்று இடங்களில் போர் புரிந்தார் என்று பெரியோர் சொல்லுவார்கள். கடலில் நடந்த போருக்குத் திருச்செந்தூர். நிலத்தில் நடந்த போருக்குத் திருப்பரங்குன்றம். ஆகாயத்தில் நடந்த போருக்குத் திருப்போரூர். முதல் இரண்டு ஸ்தலங்களுக்குள்ள பிரசித்தி மூன்றாவதற்கு இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. கடலைக் காட்டலாம், மலையைக் காட்டலாம். ஆகாயத்தில் நடந்த காரியத்திற்கு அடையாளமாக எதைக் காட்டுவது?

இந்தச் சங்கடம் இப்போது தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியாகத் திருப்போரூருக்கு ஒரு தடவை பிரயாணம் செய்தவர்கள், ஆகாயத்தில் போர் மட்டுமல்ல, வியாபாரம், பண்ணை, வீடு வாசல், வம்பு வழக்கு எல்லாமே நடக்கக்கூடும் என்று ஒப்புக் கொள்வார்கள்.

2000-ஆம் வருஷத்தில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று தெற்கு நோக்கிக் கண்ணாடிக் கட்டிடங்கள் வரிசையாக எழும்பின. சாலையின் பெயரும் ராஜீவ் காந்தி சாலை என்று மாறியது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நண்பர் ஒருவருடைய புதல்வன். அப்படிப்பட்ட கட்டிடம் ஒன்றில் உத்தியோகம் பார்ப்பவன்.

"ஏன் அப்பா, இத்தனை கட்டிடத்திலும் என்னதான் உற்பத்தியாகிறது? ஒரு லாரிகூட மூட்டை ஏற்றிக்கொண்டு வெளியே வரக் காணோமே?" என்று அவனைக் கேட்டேன்.

"இங்கே செய்கிற சரக்குக் கம்பியிலேயே போய்விடும், மாமா. திரையை விட்டு வெளியே வராத சரக்குகளும் உலகத்தில் உண்டு. உங்களுக்கு ஒரு முயல் வேண்டுமா, சொல்லுங்கள். கூடு கழுவ வேண்டாம், நாய்க்குப் பயப்பட வேண்டாம். தீனி மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும்."

"இல்லாத முயலுக்குத் தீனி எதற்கு?"

"வியாபாரமே அதில்தானே இருக்கிறது, மாமா!" என்றான் அவன்.

முயல் பண்ணையின் கணக்கு

கேளம்பாக்கம் வருவதற்குள் அவன் சொல்லி முடித்த விருத்தாந்தத்தை நேயர்களுக்குச் சுருக்கமாகத் தருகிறேன்.

திரையில் பிராணி வளர்க்கும் வழக்கம் ஜப்பானிலிருந்து பெரிதும் பரவியது. 1996-ஆம் வருஷக் கடைசியில் அந்நாட்டுப் பண்டாய் கம்பெனி 'தமகோச்சி' என்ற முட்டை வடிவப் பொம்மையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதனுள் சிறு திரை. திரையில் ஒரு குட்டி. வேளைக்கு வேளை பொத்தானை அழுத்தித் தீனி போடாவிட்டால் குட்டி இறந்துபோகும். 1999-ல் 'நியோபெட்ஸ்' வந்தபோது, இணையத்தின் மூலம் லட்சக் கணக்கான குழந்தைகள் ஒரே மைதானத்தில் தங்கள் பிராணிகளை வளர்க்கத் தொடங்கினார்கள்.

2003-ல் அமெரிக்காவின் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து லிண்டன் லாப் என்னும் கம்பெனி 'ஸெகண்ட் லைஃப்', அதாவது 'இரண்டாவது வாழ்க்கை', என்ற இணைய உலகத்தைத் திறந்தது. மற்ற விளையாட்டுகளில் கம்பெனி செய்து வைத்த பொருள்களோடு மக்கள் விளையாடினார்கள். இங்கேயோ குடியேறியவர்களே வீடு, உடை, மரம், மட்டை எல்லாம் செய்து ஒருவருக்கொருவர் விற்றார்கள். அந்த உலகத்திற்கென்று லிண்டன் டாலர் என்ற தனி நாணயமும் உண்டு. பல வருஷங்களாக, சுமார் 250 லிண்டனுக்கு ஓர் அமெரிக்க டாலர் என்ற விகிதத்தில் அதை மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆன்ஷி சங் என்ற புனைபெயரில் அங்கே மனை வாங்கி விற்ற ஐலின் கிராஃப் என்னும் பெண்மணி, தம்முடைய சொத்தின் மதிப்பு 10 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டதாக 2006-ல் அறிவித்தார். பிறகு கேட்பானேன்? கடை வைக்க ஆசைப்பட்டவர்கள் பல தேசங்களிலிருந்தும் அங்கே குடியேறினார்கள்.

அந்த உலகத்துச் சிறு வியாபாரங்களில் ஒன்று பிராணிப் பண்ணை. முதலில் மனை வேண்டும். அதற்கு மாதா மாதம் வாடகை. ஒரு மனையில் இத்தனை பொருள்தான் வைக்கலாம் என்ற வரம்பு உண்டு. ஆகையால் குட்டிகள் பெருகப் பெருக அதிக மனை பிடிக்க வேண்டும். பிராணியை உண்டாக்கிய கம்பெனியிடமிருந்து ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி வாங்க வேண்டும். தீனியும் அதே கம்பெனியின் தீனிதான். வேறொருவர் செய்த தீனியை அந்த முயல் தொடாது. வேளை தவறாமல் உண்டால் முயல் குட்டி போடும். பெற்றோரின் நிறம், கண், காது இவற்றைப் பொறுத்துக் குட்டிகளின் லட்சணம் அமையும். அபூர்வமான நிறத்தில் ஒரு குட்டி பிறந்துவிட்டால் ஏலத்தில் நல்ல விலை. அப்படிப் பிறக்காத குட்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

இதில் ஓர் இடைஞ்சல் இருக்கிறது. முயலுக்குக் குட்டி போடுவதில் சலிப்புக் கிடையாது. முதலில் சேர்ந்தவர்கள் பிறகு வந்தவர்களுக்கு விற்று லாபம் கண்டார்கள். எல்லோர் மனையிலும் முயல் நிறைந்தபின் யாருக்கு விற்பது? குட்டியின் விலை இறங்கியது. தீனியின் விலையும் மனை வாடகையும் அப்படியே நின்றன. வியாபாரி லாபம் கண்டாலும் நஷ்டம் கண்டாலும், தீனி விற்றவருக்கும் மனை விட்டவருக்கும் வருமானம் வந்து கொண்டேயிருந்தது.

நியாயஸ்தலத்தில் குதிரை

இந்த வியாபாரம் நிஜமான நியாயஸ்தலத்தின் படியும் ஏறியது. ஸெகண்ட் லைஃப் உலகத்தில் முயல் விற்றது ஓஸிமல்ஸ் என்ற கம்பெனி. குதிரை விற்றது அமரெட்டோ என்ற கம்பெனி. முயலுக்காகத் தாங்கள் செய்த ஏற்பாடுகளைக் குதிரைக்காரர்கள் காப்பியடித்துவிட்டதாக முயல்காரர்கள் குற்றம் சாட்டி, குதிரைகளை அப்புறப்படுத்துமாறு லிண்டன் கம்பெனிக்குத் தாக்கீது அனுப்பினார்கள். 2010 டிசம்பரில் குதிரைக்காரர்கள் கலிபோர்னியாவிலுள்ள மத்திய அரசு நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். அவர்கள் எடுத்துச் சொன்ன வாதங்களில் ஒன்று: "எங்கள் சரக்கை நீக்கிவிட்டால், வாங்கியவர்கள் வளர்க்கும் குதிரைகள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் பட்டினியால் மாண்டுபோகும்!" நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கிற்று. குதிரைகள் பிழைத்தன.

முயல்களுக்கு அந்த அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. 2017 மே மாதத்தில், சட்டத் தகராறு ஒன்றின் காரணமாக ஓஸிமல்ஸ் கடையை மூடிவிட்டது. முயல் உண்டதா, இல்லையா என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்தது அந்தக் கம்பெனியின் கணினி. அது நின்றவுடன், வளர்த்தவர்கள் வீட்டில் தீனி இருந்தும் முயல்களால் உண்ண முடியவில்லை. சில நாளில் அவை நீண்ட உறக்கத்தில் ஆழ்ந்தன, எழுப்புவார் யாருமில்லை. முன்னமே தனிக் காசு கொடுத்து 'நித்திய' முயலாக மாற்றப்பட்டவை மட்டும் விழித்திருந்தன. அவற்றுக்குத் தீனி வேண்டியதில்லை. ஆனால் அவை குட்டியும் போடா. பல வருஷம் பாடுபட்டு நிறம் சேர்த்து வம்சம் வளர்த்தவர்களின் பண்ணைகள் ஒரே வாரத்தில் முடிந்தன.

"இதெல்லாம் சீமை விவகாரம், நமக்கென்ன?" என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். கொங்கு நாட்டில் ஈமுக் கோழிப் பண்ணைகள் நடந்த கதையை நினைத்துப் பார்க்கலாம். குஞ்சும் தீனியும் கம்பெனி தரும். மாதா மாதம் பணமும் தரும். வளர்ந்த பறவையைக் கம்பெனியே வாங்கிக் கொள்ளும் என்று வாக்கு. அந்தப் பறவையின் மாம்சத்துக்கு நம் நாட்டில் சந்தை இருக்கிறதா என்று கேட்டவர் குறைவு. 2012 ஆகஸ்டில் பெருந்துறைப் பக்கத்துக் கம்பெனி சரிந்தது. பறவைகள் பட்டினி கிடக்கவே, அரசாங்கம் தலையிட்டுத் தீனி போட வேண்டி வந்தது. முயல் ஆகாயத்தில் இருந்தது, ஈமு பூமியில் இருந்தது என்பதைத் தவிர, இரண்டு வியாபாரத்துக்கும் அஸ்திவாரம் ஒன்றுதான். தீனி அறையின் சாவி வளர்க்கிறவன் கையில் இல்லை.

கந்தசுவாமி கோயில்

இந்தப் பேச்சிலேயே திருப்போரூர் வந்துவிட்டது. கந்தசுவாமி கோயில் பெரிய ஆரவாரமில்லாத கோயில். பனங்காட்டில் மறைந்து கிடந்த மூர்த்தியைச் சிதம்பர சுவாமிகள் என்ற அடியார் 17-ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்துக் கோயில் எழுப்பினார் என்பது ஸ்தல வரலாறு. திருப்போரூர்ச் சந்நிதி முறை அவர் பாடியது. அவருடைய மடம் அருகே கண்ணகப்பட்டில் இருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்திலேயே பிரணவ மலை என்னும் சிறு குன்று. அதன்மேல் ஏறி நின்றால் கிழக்கே உப்பங்கழியும் கடலோரத்துத் தோப்புகளும் கண்ணுக்குத் தெரியும். வடக்கே சாலையோரத்துக் கட்டிடங்கள் தெரியும். ஆகாயப் பண்ணைகள் ஒரு பக்கம். உண்மைப் பிராணிகள் வாழும் கரை மறு பக்கம்.

மறு பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று கிழக்கே நெம்மேலிக்குப் போகும் சாலையைப் பிடித்தோம். பக்கிங்ஹாம் கால்வாயையும் கழியையும் கடந்து செல்லும் அழகான சாலை அது. இதே கழியின் ஓரமாக வடக்கே கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவில் உப்பளங்கள் இருக்கின்றன. கடலும் வெயிலும் இலவசமாகத் தரும் உப்பை எடுப்பதற்கு அன்னிய அரசாங்கத்தின் அனுமதி வேண்டியிருந்த காலமும், அதற்காக 1930-ல் தேசமே கிளர்ந்தெழுந்ததும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட விஷயங்கள். அத்தியாவசியமான பொருளின் பூட்டு ஒருவர் கையில் இருந்தால் மற்றவர் பாடு என்னவாகும் என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல.

முதலைக்குத் தத்துத் தந்தை

நெம்மேலியில் கடற்கரைச் சாலையை அடைந்து சிறிது வடக்கே திரும்பினால் வடநெம்மேலி. அங்கேதான் சென்னை முதலைப் பண்ணை இருக்கிறது. 1976-ல் ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய துணைவியார் ஜாய் விட்டேக்கரும் இதை ஆரம்பித்தார்கள். அக்காலத்தில் நம் நாட்டு முதலைகள் அருகி வந்தபடியால், அவற்றைப் பெருக்கிக் காப்பாற்றுவது நோக்கம். பிற தேசத்து முதலைகளும் ஆமைகளும் பிறகு வந்து சேர்ந்தன. கரையில் கற்களைப் போல் அசையாமல் கிடக்கும் முதலைகளைப் பார்த்துக் குழந்தைகள் "பொம்மை" என்கிறார்கள். தீனி வேளையில் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இங்கேயும் இணையத்தின் வழியாகப் பிராணி வளர்க்கலாம். விருப்பமுள்ளவர்கள் பணம் செலுத்தி ஒரு முதலையையோ ஆமையையோ தத்து எடுத்துக்கொள்ளலாம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் இப்படிப்பட்ட தத்துத் திட்டம் உண்டு. பிராணி நம் வீட்டுக்கு வராது. அதை நாம் விற்கவும் முடியாது. நாம் கொடுத்த பணம் அதன் வயிற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான். 2020-ல் ஊரடங்கின்போது முதலைப் பண்ணையின் வாசல் மூடிக் கிடந்தது. நுழைவுக் கட்டணம் நின்றுபோயிற்று. முதலைகள் மட்டும் உறக்கத்துக்குப் போகவில்லை! பண்ணையார் இணையத்தின் மூலமாகப் பொது ஜனங்களின் உதவியைக் கோரினார்கள். ஆகாய முயலின் கம்பெனி மூடினால் முயலும் முடிந்தது. இங்கே வாசல் மூடிய பிறகும் தீனி போட்டாக வேண்டும். உண்மைப் பிராணியை வைத்திருப்பவருக்கு இந்தப் பொறுப்பிலிருந்து விடுதலை இல்லை.

இருளர் சங்கம்

முதலைப் பண்ணையின் வளாகத்திலேயே இன்னொரு ஸ்தாபனம் இருக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் என்பது அதன் பெயர். தனிக் கட்டணம் கொடுத்து உள்ளே போனால், மணல் பரப்பிய இடத்தில் வரிசையாக மண்பானைகள். ஒவ்வொரு பானையின் வாயும் துணியால் கட்டப்பட்டிருக்கிறது. சங்கத்து ஊழியர் துணியை அவிழ்த்து, இரும்புக் கொக்கியால் நல்ல பாம்பு ஒன்றை எடுத்து மணலில் விடுகிறார். அது படம் எடுத்து நிற்கிறது. பிறகு அதன் தலையைப் பக்குவமாகப் பிடித்து, மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் குப்பியைக் கடிக்கச் செய்கிறார். மஞ்சள் நிறத்தில் விஷம் சொட்டுகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்பதில்லை.

இருளர்கள் பரம்பரையாகப் பாம்பு பிடித்தவர்கள். முன்னாளில் அவர்கள் பிடித்த பாம்புகளின் தோல் கைப்பைகளாகவும் செருப்புகளாகவும் சீமைக்குப் போயிற்று. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. சட்டம் அவசியமானதுதான். ஆனால் தோல் வியாபாரத்தையே நம்பியிருந்த குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. முயல்காரர்களின் கம்பெனி மூடியதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. எங்கோ எழுதப்பட்ட ஒரு வரி, இங்கே ஒரு தொழிலை முடித்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. விட்டேக்கரின் முயற்சியால் 1978-ல் இந்தச் சங்கம் பதிவாயிற்று. பாம்பைக் கொல்ல வேண்டாம். விஷத்தை எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர்கள் பிடித்து வருகிறார்கள். சங்கம் விலை கொடுத்து ஏற்றுக்கொள்கிறது. பாம்பு மூன்று நான்கு வாரம் பானையில் இருக்கும். அதற்குள் சுமார் நான்கு தடவை விஷம் எடுக்கிறார்கள். பிறகு, அதே பாம்பை உடனே மறுபடியும் பிடிக்காதிருக்கும் பொருட்டு, வயிற்றுச் செதிளில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷத்தை உறையவைத்துப் பொடியாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைகளின் உடம்பில் ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. இவை உண்மையாகவே புல் தின்னும் குதிரைகள்!

இந்தத் தொழிலின் மகத்துவத்தை அறிய ஒரு கணக்குப் போதும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் மாண்டதாக 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். மருந்து கிடைத்துப் பிழைத்தவர்கள் பலருடைய உயிருக்கு மூலகாரணம் இந்தப் பானைகளில் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள்; 2023-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்கள்.

சங்கத்துக்கும் பிறர் கையில் ஒரு சாவி உண்டு. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் உத்தரவு வேண்டும். உத்தரவு தாமதமானால் பானைகள் காலியாகக் கிடக்கும். உறுப்பினர்களின் வரும்படியும் நின்றுபோகும். ஆனால் அப்போது உத்தரவு கேட்டுக் கதவைத் தட்டுவது தனி மனிதன் அல்ல. கணக்குப் புத்தகமும் முத்திரையும் உறுப்பினர் பட்டியலும் உள்ள சங்கம். விஷம் விற்பது சங்கம். அந்தச் சங்கத்தின் சொந்தக்காரர்கள் பாம்பு பிடிப்பவர்கள். முயல் வளர்த்தவர்களுக்கு ஓஸிமல்ஸ் கம்பெனியில் ஒரு வோட்டும் கிடையாது. தீனிக் கணக்கை நடத்தும் கணினியை அவர்களே கூட்டாக வாங்கி நடத்தியிருந்தால், ஒருவேளை முயல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இளைஞர்களுக்கு

இணைய உலகத்தில் கடை வைப்பது வெட்டி வேலை என்று நான் சொல்ல வரவில்லை. படம் எழுதுவதும், பொம்மைக்கு உயிர் கொடுப்பதும், வாங்க வருகிறவர்களோடு கண்ணியமாகப் பழகுவதும் நல்ல கைத்தொழில்களே. வீட்டில் இருந்தபடியே இதனால் நாலு காசு சம்பாதிக்கும் பெண்மணிகளும் இருக்கலாம். ஆனால் முதல் போடுவதற்கு முன்பு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும்படி குடும்பத்தார் சொல்ல வேண்டும். பிராணியின் தீனி யார் கையில்? கடை இருக்கும் மனை யாருடையது? வரும் காசு எந்த நாணயம்?

மூன்றாவது கேள்வியை அசட்டை செய்ய வேண்டாம். 'ஆக்ஸி' என்ற பிராணிகளை வளர்த்துச் சண்டைக்கு விடும் வியட்நாமியக் கம்பெனியின் விளையாட்டை நம்பி, 2021-ல் பிலிப்பைன் தேசத்தில் அநேகர் ஜீவனம் நடத்தினார்கள். அந்த நாணயத்தின் விலை விழுந்தது. 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கு மேற்பட்ட பொருளைத் திருடர்கள் இணைய வழியாகவே கொண்டுபோனார்கள். நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட கிரிப்டோச் சொத்துக்களை விற்றுப் பெறும் லாபத்துக்கு நூற்றுக்கு 30 வீதம் வரி. நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் இயலாது.

திருப்போரூருக்குப் போகும் குடும்பத்தார் கந்தசுவாமியைத் தரிசித்த பின் குழந்தைகளை வடநெம்மேலிக்கும் அழைத்துப் போகலாம். திரையில் பிராணி வளர்க்கும் குழந்தையாக இருந்தால் அவசியம் அழைத்துப் போக வேண்டும். பானையின் துணியை அவிழ்க்கிறவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று அந்தக் குழந்தை கேட்கும். "அவர்களுடைய சங்கத்தில்" என்று சொல்லி, வாசலில் உள்ள பெயர்ப் பலகையை ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும்.